விடுமுறையும் முறையும்

வருஷப் பிறப்பு என்றால் முன்பெல்லாம் நம் வீடுகளில் ஒரே ஒரு கவலைதான் இருக்கும்: மாங்காய்ப் பச்சடியில் போட வேப்பம்பூ கிடைக்குமா, கிடைக்காதா என்பது. இப்போது பங்குனி பாதி கழிவதற்குள்ளேயே வேறொரு கவலை வந்துவிடுகிறது. “இந்தத் தடவை எங்கே போகலாம்?” என்று குழந்தைகள் கேட்கிறார்கள். குழந்தைகள் கேட்காத வீட்டில் பெரியவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

பிரயாண ஏற்பாடு செய்து தரும் கம்பெனிகளின் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீலக் கடல், வெள்ளை மணல், இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சல், அதிலே முகத்தின் மீது தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு மனிதன். தீவிலே ஓய்வு, அதோடு அந்தத் தீவு மக்களின் புத்தாண்டுப் பண்டிகையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கீழே எழுதியிருக்கும். படம் அழகான படந்தான். ஆனால் அந்த ஊஞ்சலைக் கட்டியவன் மட்டும் எந்தப் படத்திலும் இருப்பதில்லை.

கையில் பணம் இருப்பவர்கள் பாலித் தீவுக்குப் போகிறார்கள். இலங்கைக்கும் அந்தமானுக்கும் போகிறார்கள். கடலூர்க்காரரும் சிதம்பரத்துக்காரரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் பிச்சாவரம் இருக்கிறது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே உப்பங்கழி. அதில் சின்னஞ்சிறு தீவுகள். தீவுகளை மூடிக்கொண்டு சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் சுரபுன்னைக் காடு. 1975-இல் வந்த ‘இதயக்கனி’ படத்தின் காட்சிகளை இங்கே எடுத்தார்கள். தில்லை என்ற பெயரைச் சிதம்பரத்துக்குக் கொடுத்த தில்லை மரத்தைச் சிதம்பரத்துத் தெருக்களில் தேடினால் கிடைக்காது. கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடிய பாலை உடம்பில் வைத்துக்கொண்டு அது இந்தக் கழியோரத்தில்தான் நிற்கிறது. ஊர் வளர்ந்து மரத்தைத் தள்ளிவிட்டது. விடுமுறை வந்தால் ஊர் ஜனங்களே அந்த மரத்தைத் தேடிக்கொண்டு போகிறார்கள்.

போகட்டும். போவதில் என்ன தப்பு? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. உழைத்த மனிதன் நாலு நாள் ஓய்ந்திருக்க ஆசைப்படுகிறான், காசு கொடுக்கிறான், படகில் ஏறுகிறான். ஆனாலும் இந்தக் காரியத்துக்குள் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வேறொருவனுடைய பண்டிகை நாளில், அவன் உழைப்பின் மேல் சாய்ந்துகொண்டு நாம் எடுத்துக்கொள்கிற ஓய்வு நியாயமானதா? நியாயமில்லை என்றால் அதை நியாயமாக்கிக்கொள்ள வழி உண்டா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உழைப்பே தெய்வம், ஓய்வு சோம்பேறித்தனம் என்று உபதேசம் செய்யும் கட்டுரை அல்ல இது. அப்படி உபதேசம் செய்கிறவர்களை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகர் மற்றவர்களுடைய உழைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்! ஓய்வு என்பது மனிதனுக்கு யாரோ போடுகிற பிச்சையும் அல்ல, அவன் திருடிக்கொள்கிற பொருளும் அல்ல. கேட்டும் போராடியும் செத்தும் மனிதர்கள் வாங்கிக் கொடுத்த சொத்து அது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நாம் என்னவோ சூரிய சந்திரர்களோடு கூடவே வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்கு அது 1890-இல்தான் கிடைத்தது; அதுவும் நாராயண் மேகாஜி லோகண்டே என்ற மனிதர் பல வருஷம் மன்றாடிய பிறகு. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923-இல். கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டரில் இருக்கிறது புதுச்சேரி. அங்கே 1936-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி, போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1937-இல், அந்த ஊரில் எட்டு மணி நேர வேலை என்பது சட்டமாயிற்று. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் நாம் மாலைக் காற்று வாங்குகிறோமே, அந்த மாலைப் பொழுதுக்கு ஒரு விலை இருக்கிறது. அதை நாம் கொடுக்கவில்லை. வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே ஓய்வு உயர்ந்தது. உயர்ந்த பொருளாக இருப்பதனால்தான் அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் முதல் முதலாகக் கேட்டது எந்தத் தொழிற்சங்கமும் அல்ல; ஒரு கதை. அதுவும் சிதம்பரத்துக் கதை. நந்தனாரைத்தான் சொல்கிறேன்.

பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார் வரலாற்றில் ஆண்டை என்று ஒருவர் கிடையாது. தன் பிறப்பை நினைத்துத் தயங்கித் தயங்கி, “நாளைப் போவேன், நாளைப் போவேன்” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த ஓர் அடியாரைத்தான் அங்கே காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதையை எடுத்துக்கொண்டபோது அதில் ஒரு வேதியரைக் கொண்டுவந்து வைத்தார். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போய் வர அவரிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலை முடியட்டும், பிறகு போகலாம் என்று அவர் சொல்கிறார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களை நம் பாட்டிமாரும் தாத்தாமாரும் கண்ணீர் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பக்தியை எண்ணி அழுதவர்கள் உண்டு. தீண்டாமையை எண்ணி அழுதவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கதையின் நடுவில் நிற்பது ஒரு லீவு விண்ணப்பம் என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

கதையில் என்ன நடக்கிறது? ஒரே இரவில் நாற்பது வேலி வேலையும் முடிந்துவிடுகிறது. ஈசன் அருள். காலையில் ஆண்டை வந்து பார்த்து வாயடைத்துப் போகிறார்; நந்தனுக்கு உத்தரவு கிடைக்கிறது. இந்த அற்புதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘போய்விட்டு வா, வேலை கிடக்கட்டும்’ என்று கடவுளே கூடச் சொல்லவில்லை! வயல் வேலை நடந்துதான் ஆக வேண்டியிருந்தது. நந்தன் செய்யவில்லை என்றால் வேறு யாராவது செய்ய வேண்டும். வேறு யாரும் இல்லாத இடத்தில் தெய்வமே வந்து செய்ய வேண்டியதாயிற்று. ஒருவனுக்குக் கிடைத்த லீவுக்கு அடியில் இன்னொருவன் கை கட்டாயம் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அப்படி உத்தரவு வாங்கிக்கொண்டு போனவனும் நேராகச் சந்நிதிக்குப் போய்விடவில்லை. தீக்குள் இறங்கித்தான் போனான்.

‘நாளைப் போவார்’ என்பது ஒரு பக்தனுடைய பெயர் என்று படித்திருக்கிறோம். லீவு கிடைக்காத ஒவ்வொரு மனிதனுக்கும் அதுதான் பெயர் என்று நான் சொல்கிறேன். பிச்சாவரத்தில் இதை என் காதாலேயே கேட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை முதல் தேதி, வெளியூரிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு அங்கே போக நேர்ந்தது. நல்ல வெயில். படகுத் துறையில் கூட்டம். எங்கள் படகை ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். வாய்க்கால் குறுகி, கிளைகள் தலைக்கு மேலே கூரை மாதிரி கவிந்துகொள்ளும் இடத்துக்கு வந்ததும் எல்லாருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள். துடுப்புச் சத்தம் மட்டும்தான். அந்த நிழலில் மெதுவாகக் கேட்டேன்: “அண்ணே, இன்னைக்கு உங்க வீட்ல வருஷப் பொறப்பு இல்லியா?”

அவர் துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: “எங்களுக்கு நாளைக்குத்தான் சார் வருஷம் பொறக்கும்.”

பஞ்சாங்கத்தில் ஏதாவது வித்தியாசமோ என்று நான் யோசித்தேன். அவரே விளக்கினார். “இன்னைக்குக் கூட்டம் வரும். பொழுது சாய்ஞ்சுதான் வூட்டுக்குப் போவேன். போனா கையைக் காலைத் தூக்க முடியாது. அதனால வூட்ல நாளைக்குத்தான் பச்சடியும் படையலும். புள்ளைங்க சின்னதா இருக்கும்போது அழும். இப்போ பழகிட்டாங்க.”

நான் பேசாமல் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “நீங்க சங்கடப்படாதீங்க சார். நீங்க எல்லாம் வரலேன்னா நாளைக்கும் பண்டிகை இல்ல. இந்த மாதிரி நாளுலதான் நாலு காசு பாக்கறது” என்றார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றுகொண்டிருந்த இரண்டு பேரைக் காட்டினார். இருளர்கள். வலைகூட இல்லாமல், சேற்றிலே கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்கிறவர்கள். “தண்ணி வத்தற நேரந்தான் அவங்களுக்குக் கணக்கு. தண்ணிக்கு வருஷப் பொறப்பு ஏது சார்?”

எங்கள் படகிலிருந்த குழந்தைகள் அந்த இரண்டு பேரையும் காட்சிப் பொருள் மாதிரி பார்த்தார்கள். குழந்தைகளைக் குற்றம் சொல்ல முடியாது. நமக்குப் பூங்காவாக இருக்கிற இடம் இன்னொருவருக்குப் பட்டறையாகவும் சமையலறையாகவும் இருக்கலாம் என்பதைப் பெரியவர்களே நினைப்பதில்லை.

அந்தப் படகுக்காரரின் பேச்சில் இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

‘அப்படியானால் பண்டிகை நாளில் யாரும் எங்கும் போகக்கூடாது’ என்று ஒருவர் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு முதலில் அடிப்பது படகுக்காரரின் வயிற்றில். நம் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கு அவருடைய நாலு காசைக் கெடுப்பது தர்மம் ஆகாது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு கருணை காட்டுவது சுலபம். பசி அந்தக் கருணையைத் தின்று வயிறு நிரப்பிக்கொள்ளாது.

‘காசு கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது’ என்று இன்னொருவர் சொல்லலாம். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கட்சி. வேலைக்குக் கூலி கொடுத்த பிறகு வேறென்ன பாக்கி? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். கூலி கொடுத்தால் உழைப்பின் கணக்குத் தீரும். பண்டிகையின் கணக்குத் தீருமா?

சட்டம் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. தொழில் நிறுவனங்களில் தேசிய விடுமுறைகளும் பண்டிகை விடுமுறைகளும் தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 1958-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை என்று அது சொல்லிற்று. நல்ல சட்டம். ஆனால் எவ்வளவு நல்ல சட்டத்தாலும் ஒரு காரியம் முடியாது. தீபாவளிக்குப் பதிலாக அடுத்த புதன்கிழமை வீட்டிலிருக்கலாம் என்று சொன்னால் புதன்கிழமை கிடைக்கும்; தீபாவளி கிடைக்காது. ஏனென்றால் லீவு ஒருவன் தனியாக எடுத்துக்கொள்வது. பண்டிகை அப்படியல்ல. ஊரே சேர்ந்து கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்தால்தான் அது பண்டிகை. மறுநாள் அந்தப் படகுக்காரர் வீட்டில் பச்சடி இருக்கும், பக்கத்து வீட்டில் இருக்காது. அவருடைய குழந்தைகள் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும், தெருவில் மற்றக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். நாம் அவரிடம் வாங்கியது ஒரு மணி நேரத் துடுப்பு. அதோடு சேர்ந்து வந்துவிட்டது, ரசீதில் எழுதாத இன்னொன்று.

சித்திரையா தையா, எது தமிழ்ப் புத்தாண்டு என்று நாம் எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். தை முதல் நாளே என்று 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டு மறுபடியும் சித்திரை ஆயிற்று. எந்த நாளில் பண்டிகை என்று சட்டசபையில் இரண்டு தடவை தீர்மானித்துவிட்டோம். அந்த நாளில் யாருக்குப் பண்டிகை என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

தீவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கேட்ட தீவு ஒன்று உண்டு. பாலித் தீவில் சக வருஷத்தின் பிறப்பை ‘நியெபி’ என்று கொண்டாடுகிறார்கள். கி.பி. 78-இல் தொடங்குகிற அந்தச் சக வருஷக் கணக்கு நம் நாட்டிலிருந்து போனது. 1957-இல் நம் அரசு தேசிய நாட்காட்டிக்கு எடுத்துக்கொண்டதும் அதைத்தான். முதல் நாள் இரவு பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு ஒரே ஆரவாரம். விடிந்தால் நிசப்தம். நெருப்பு மூட்டக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வெளியே போகக்கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக் கிடக்கும். தெருவில் ஊர்க்காவலர்கள் மட்டும் நடப்பார்கள். கேளிக்கைக்காகவே கடல் தாண்டி வந்த வெளிநாட்டுக்காரனும் அன்று ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. ‘நீ பார்ப்பதற்காக நாங்கள் பண்டிகை கொண்டாடவில்லை, இருக்கிறாயா, எங்களோடு நீயும் சும்மா இரு’ என்று ஒரு சின்னத் தீவு உலகத்தையே பார்த்துச் சொல்கிறது. இதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனாலும் ஹோட்டலுக்குள்ளே விருந்தாளிக்குச் சோறு போட யாரோ சிலர் அன்றும் வேலை செய்யத்தான் செய்கிறார்கள். முழுக்கக் கறையில்லாத ஓய்வு உலகத்தில் எங்குமே இல்லை போலிருக்கிறது.

இன்னொரு தீவு, நமக்கு மிக அருகில். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் பொது. தமிழ் வீடுகளில் மருத்துநீர் வைத்து முழுகுவார்கள். பெரியவர்கள் கையிலிருந்து கைவிசேஷம் வாங்குவார்கள். பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வருகிற இடைப்பட்ட சில மணி நேரத்தைப் புண்ணிய காலம் என்பார்கள். சிங்கள வீடுகளில் அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுவது வழக்கம். வேலை இல்லை, சமையல் இல்லை, சாப்பாடுகூட இல்லை. பிறகு குறித்த சுப வேளையில் புதிதாக அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பார்கள். அடுப்பை அணைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம் வீடுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நம் வீட்டில் வருஷப் பிறப்பு என்றால் என்ன? பச்சடி, வடை, பாயசம், போளி. யார் செய்வது? விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனவள், எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து காப்பி கேட்கிறவரைக்கும் அங்கேதான் நிற்கிறாள். நமக்கு ஊரெல்லாம் விடுமுறையாக இருக்கும் தினம் எதுவோ, அதுதான் அவளுக்கு வருஷத்திலேயே பாரமான வேலை நாள். பிச்சாவரத்துப் படகுக்காரரைத் தேடிக்கொண்டு 15 கிலோமீட்டர் போக வேண்டாம். நாம் ஏறி உட்கார்ந்திருக்கும் படகை வீட்டுக்குள்ளேயே ஒருத்தி துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் துலக்க வருகிற அம்மாளையும் நினைத்துப் பாருங்கள். “பண்டிகை அன்னைக்கு மட்டும் லீவு போட்டுடாதே” என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காத வீடு எத்தனை?

தமிழனுக்கு இந்த விவேகம் இல்லாமலில்லை. பொங்கலுக்கு மறுநாளை மாட்டுக்கு என்று ஒதுக்கியவன் அவன். அன்று ஏர் கிடையாது, வண்டி கிடையாது. மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, அதற்கும் பொங்கல் ஊட்டுகிறோம். வருஷமெல்லாம் தனக்கு உழைத்த ஜீவனுக்கு ஒரு நாள் ஓய்வும் மரியாதையும் கொடுத்த பிறகுதான் காணும் பொங்கலன்று தான் ஊர் சுற்றப் புறப்படுகிறான். அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மாட்டுக்கு, பிறகு தனக்கு. கடலூர்ப் பக்கத்தில் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கோயிலை விட்டுப் புறப்பட்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடுகின்றன. சாமிக்கும் லீவு! மாட்டுக்கும் சாமிக்கும் ஒரு நாள் வைக்கத் தெரிந்தவர்கள், அடுப்புக்கு ஒரு நாள் வைக்க மறந்துவிட்டோம்.

‘எல்லாரும் ஓய்ந்துவிட்டால் உலகம் நடக்குமா? ஆஸ்பத்திரி? பஸ்? மின்சாரம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடக்காது. பிரசவ வலி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. தீபாவளியன்றும் நர்ஸ் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தீபாவளிக்கு ஒருத்தி நின்றால் பொங்கலுக்கு இன்னொருத்தி நிற்பாள். முறை போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் பாரத்தை ஒழித்துவிடவில்லை, தோள் மாற்றிக்கொள்கிறார்கள்.

‘விடுமுறை’ என்று நாம் தினமும் சொல்கிற வார்த்தைக்குள்ளேயே அந்த ‘முறை’ இருக்கிறது. முறை என்றால் ஒழுங்கு. முறை என்றால் நீதி. முறை தவறாத ராஜா என்கிறோம். முறை என்றால் ‘என் முறை, உன் முறை’ என்று மாற்றிக்கொள்வது. இவருக்கும் எனக்கும் என்ன முறை என்று உறவுக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஒரே சொல்லில் இத்தனையும் வைத்திருக்கிற பாஷை நம்முடையது. நாமோ ‘விடு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். வேலையை விடு, ஊரை விடு, கவலையை விடு! முறையைக் கேட்டால், அது என்ன என்கிறோம்.

சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்களில் பலருக்குத் தெரிந்த ஓரிடம் உண்டு. அங்கே நின்றால் ஒரு பக்கம் ஆடுகிற நடராஜரைத் தரிசிக்கலாம். திரும்பினால் பள்ளிகொண்ட கோவிந்தராஜரைத் தரிசிக்கலாம். இந்த இரண்டு சந்நிதிகளை வைத்துக்கொண்டு நம்மவர்கள் சண்டையும் போட்டிருக்கிறார்கள். சண்டையை விட்டுவிட்டுப் பார்த்தால் எவ்வளவு பெரிய காட்சி அது! ஒருவர் ஐந்தொழிலையும் செய்துகொண்டு ஓயாமல் ஆடுகிறார். இன்னொருவர் படுத்திருக்கிறார். உழைப்பும் ஓய்வும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே இடத்தில் நின்று பார்க்கிற தூரத்தில். படுத்திருப்பவரின் உறக்கத்துக்குப் பெரியவர்கள் வைத்த பெயர் அறிதுயில். தூக்கந்தான்; ஆனால் அறிந்த தூக்கம். தனக்காக யார் விழித்திருக்கிறார்கள் என்பதை மறக்காத தூக்கம் என்று நான் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறேன். சாஸ்திரம் படித்தவர்கள் வேறு பொருள் சொல்லலாம். கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பொருள் போதும்.

விளம்பரப் படத்தில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு கிடக்கிறானே, அவனுடையதும் துயில்தான். அறியாத் துயில். நாம் விடுமுறைக்குப் போகும்போது இந்த இரண்டில் எதற்குப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் தானாக வரும்.

என்ன வரும்? பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பிச்சாவரத்துக்குப் போவதைச் சித்திரை முதல் தேதியிலிருந்து நாலு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம். வரும்படி போகாது, அவருக்கும் அன்றே வருஷம் பிறக்கும். ஒரு வீடு மட்டும் தள்ளிப் போனால் இது நடக்காது. பல வீடுகள் நினைத்தால் நடக்கும். அன்றைக்கே போகத்தான் வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்கு முன் போய்த் திரும்பி, பேசிய கூலிக்கு மேல் பேசாத கூலியையும் கொடுத்துவிட்டு, அவருடைய குழந்தைகளுக்கு என்று கையிலிருக்கும் பட்சணத்தையும் கொடுத்துவிட்டு வரலாம். அவர் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது என்று நாம் ஒப்புக்கொண்டது அவருக்குத் தெரியும். மனிதனுக்கு அது சின்ன விஷயமல்ல. பாத்திரம் துலக்க வருகிற அம்மாளிடம் நாமே முந்திக்கொண்டு, “வருஷப் பொறப்பன்னிக்கு வர வேண்டாம்மா, சம்பளம் பிடிக்க மாட்டோம்” என்று சொல்லலாம். அன்று இரவுப் பாத்திரங்களை வீட்டு ஆண்கள் துலக்கட்டும். கை தேய்ந்துவிடாது. மத்தியானத்துக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, இருக்கிற பச்சடியையும் சாதத்தையும் எல்லாருமாக உட்கார்ந்து போட்டுச் சாப்பிடலாம்.

நந்தனுக்கு உத்தரவு வாங்கித் தர நாற்பது வேலி வேலையையும் ஓர் இரவில் முடிக்கிற தெய்வம் தேவைப்பட்டது. நம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஓர் அற்புதம் தேவையில்லை. வரப் போகிற வருஷப் பிறப்புக்கு எங்கே போகலாம் என்று குழந்தைகள் கேட்கும்போது, அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்: நாம் போனால் யாருடைய பண்டிகை நாளைக்குப் போகும்?